மாயாவிக்கு எதற்கு சூப்பர் ஹீரோ சட்டை?

இரும்புக்கை மாயாவி சூப்பர் ஹீரோவா? பழைய காமிக்ஸ் வாசகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பஞ்சாயத்து வராமல் இருக்காது. "தமிழ்ல நமக்குக் கிடைச்ச சூப்பர் ஹீரோவே அவர்தானே" என்பார் ஒருவர். "கரண்ட்ல கைய வச்சாத்தான் மறையவே முடியும், இவரு என்ன சூப்பர் ஹீரோ?" என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி. என்ன ஒன்று, அவர் அதைக் குறையாகச் சொல்கிறார். எனக்கு அதுதான் மாயாவியின் பலம்.

இது வெறும் வாசகர் சண்டை இல்லை. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் ஆசையை இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல வருடமாகச் சொல்லிவருகிறார். அவர் எடுத்தாலும் சரி, வேறு யாராவது புதிதாக வரைந்தாலும் சரி, மாயாவியை இன்று மறுபடி சொல்ல வருகிறவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உடம்போடு ஒட்டிய சட்டை தைத்துப்போட்டு, சக்தியைக் கூட்டி சூப்பர் ஹீரோ ஆக்குவது. இன்னொன்று, பழைய மர்ம நாவல்களில் வருகிற சாகசக்காரனாகவே விடுவது. முதல் வழியை அவர் பிறந்த ஊரிலேயே ஒருமுறை முயன்று பார்த்துவிட்டார்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

சட்டை தைத்த கதை

1962 அக்டோபர் 6-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழ் வந்தது. அதிலேயே 'தி ஸ்டீல் க்ளா' தொடங்கிவிட்டது. எழுத்து கென் பல்மர், சித்திரம் ஸ்பெயின்காரரான ஜீசஸ் பிளாஸ்கோ. நாயகன் லூயிஸ் கிராண்டேல், புரொபசர் பாரிங்கரின் ஆய்வக உதவியாளர். ஒரு விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். அடுத்த விபத்தில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. மின்சாரத்தின் வேகம் தீர்ந்தால் உருவம் திரும்பிவிடும்.

முதல் கதையில் அவர் நல்லவரே இல்லை. கிடைத்த சக்தியை வைத்துத் திருடத்தான் கிளம்புகிறார். பிறகுதான் மனம் தெளிந்து, நிழல்படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜென்ட் ஆகிறார். கிறுக்குப் பிடித்த ஆய்வகம், திருந்திய குற்றவாளி, உளவாளி: எல்லாமே பழைய சாகச நாவல்களின் சரக்கு. எச்.ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய 'தி இன்விசிபிள் மேன்' இதற்குப் பாட்டன் முறை.

1966-ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் ஒரு அலையைக் கிளப்பியது. 60களின் பின்பாதியில், டாம் டல்லி எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கிராண்டேலுக்கும் ஒரு சூப்பர் ஹீரோ உடை வந்து சேர்ந்தது. நிலைக்கவில்லை. தொடர் முடிவதற்குள்ளேயே அதைக் கழற்றிவிட்டு, கோட்டும் பேன்ட்டும் போட்ட பழைய கிராண்டேலாகத் திரும்பிவிட்டார்.

ஏன் ஒட்டவில்லை? என் கணக்கு இது. சூப்பர் ஹீரோவின் உடை பார்க்கப்படுவதற்காகப் போடுவது. தூரத்தில் பறக்கும்போதே "அவர்தான்" என்று தெரியவேண்டும். மறைவதையே தொழிலாக வைத்திருக்கிறவருக்கு அது எதற்கு? அவருடைய அடையாளம் ஏற்கனவே இருக்கிறது. எவ்வளவு மறைந்தாலும் மறையாத அந்தக் கை. அதற்கு மேல் போடும் எந்தச் சட்டையும் உபரிதான்.

சாணித்தாள் வம்சம்

'பல்ப்' என்றால் மரக்கூழ். மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டதால் அமெரிக்காவின் பழைய சாகச இதழ்களுக்கு அந்தப் பெயர். நம்ம பேச்சில் சொன்னால் சாணித்தாள் இலக்கியம். 'தி ஷேடோ' இதழ் 1931, 'டாக் சாவேஜ்' 1933, லீ ஃபால்க்கின் ஃபேண்டம் 1936, சூப்பர்மேன் 1938. வரிசையைப் பார்த்தாலே தெரியும்: சூப்பர் ஹீரோ இந்தச் சாகசக்காரர்களின் வயிற்றில் பிறந்த பிள்ளை. அதனால்தான் அமெரிக்காக்காரர்களுக்கே அடிக்கடி பின்னால் போய்ப் பார்க்கும் ஆசை வருகிறது. மைக் மிக்னோலா பங்கெடுத்த 'தி டூம் தட் கேம் டு கோதம்' (2000–01) 1920களில் நடக்கிறது. அதில் புரூஸ் வேய்ன் துருவப் பயணம் போய்த் திரும்பும் பழைய பாணி சாகசக்காரன்.

தமிழில் இந்த வம்சம் தனியாக இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார். வடுவூராரின் திகம்பர சாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சக்தி மாறுவேஷம். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக எடுத்தபோது எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டியதைத்தான் இன்றைக்கும் பேசுகிறார்கள். நம்ம சாகசக்காரன் தன்னைக் காட்ட வேஷம் கட்டுவதில்லை, ஒளிக்கத்தான் கட்டுகிறான்.

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தபோது, வாசகன் மனதில் அவருக்கான நாற்காலி ஏற்கனவே போட்டிருந்தது. பெயரைப் பாருங்கள். 'ஸ்டீல் க்ளா' என்பது ஆயுதத்தின் பெயர். 'க்ளா' மிருகத்துக்கு உரியது. தமிழில் நகம் போய்க் கை வந்தது, கையோடு ஒரு ஆளும் வந்தான். மாயாவி என்ற சொல்லுக்கு நம்ம பாட்டி கதைகளில் ஒரு பழைய வாசனை உண்டு. மறைவான், தோன்றுவான், முழுசாக நம்பவும் முடியாது. முதல் கதையின் கிராண்டேலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பின்னால் வந்த தலைப்புகளும் அப்படியே: 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'பாதாள நகரம்', 'நாச அலைகள்'. எதிலும் நாயகனின் பெருமை இல்லை. போகவேண்டிய இடமும் அவிழ்க்கவேண்டிய முடிச்சும்தான் இருக்கின்றன. அட்டையைக் கிழித்துவிட்டால் துப்பறியும் நாவல் என்றே நினைப்பீர்கள். இன்னொன்று, அங்கே வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தொடர் இங்கே ஒரே புத்தகத்தில் முழுக்கதையாக வந்தது. கம்பத்தில் பஸ் ஏறினால் மதுரை போவதற்குள் படித்து முடித்துவிடலாம். பாக்கெட் நாவல் படிக்கிற அதே கை, அதே வேகம்.

கை போனவன் கதை

சொல்லவந்த முக்கியமான விஷயம் இதுதான். பேட்மேன் கோடீஸ்வரன். சூப்பர்மேன் வேற்றுக்கிரகத்துப் பிள்ளை. கிராண்டேல் யார்? சம்பளத்துக்கு வேலை பார்க்கிற உதவியாளர். வேலை பார்க்கிற இடத்தில் கையைப் பறிகொடுத்தவர்.

தேனிப் பக்கம் ஜின்னிங் பாக்டரி, பஞ்சாலை, கரும்பாட்டும் மெஷின், தீவனம் வெட்டும் மெஷின் எல்லாம் சர்வசாதாரணம். மெஷினில் விரலோ கையோ போன ஒருவரையாவது தெரியாத தெரு குறைவு. அப்படிப் போனவருக்கு ஊர் வைக்கிற பட்டப்பெயரும் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் உட்கார்ந்து மாயாவியைப் படிக்கிற பையனுக்கு இரும்புக் கை லண்டன் சமாச்சாரமாகத் தோன்றாது. "போன கைக்குப் பதிலா இப்படி ஒண்ணு வந்தா?" என்று ஒரு கணம் தோன்றாமல் இருக்காது. ஊனத்தைக் கேலியாகவோ பரிதாபமாகவோ மட்டும் காட்டிய சினிமாவுக்கு நடுவில், கை போன ஒருவர் ஒவ்வொரு புத்தகத்திலும் நாயகனாக நின்றார். அதோடு அந்தக் கையை ஒளிக்கவும் முடியாது. உடம்பே மறைந்தாலும் காயம் பட்ட இடம் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இதை யாரும் தத்துவமாகத் திட்டமிட்டிருக்க வேண்டியதில்லை. கதையின் அமைப்பே அப்படி விழுந்திருக்கிறது.

பிளாஸ்கோவின் சித்திரங்கள் நிற்பதும் இதனால்தான். நாயகனே இல்லாத கட்டத்தை வரைவது லேசான காரியமில்லை. இருட்டான அறை, நாலு அடியாட்கள், ஓரத்தில் ஒரு கை. நம்ம கண் முதலில் அந்தக் கையைத் தேடும், அடுத்து அடியாள் அதைப் பார்த்துவிட்டானா என்று தேடும். பதற்றம் முழுக்க அந்த இரண்டு தேடலுக்கு நடுவில்தான். சிவகாசியின் கறுப்பு வெள்ளை அச்சில், சாணித்தாளிலும் அது மங்கவில்லை.

இதற்காக எல்லாக் கதையும் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. நிழல்படைக் கதைகள் போகப்போக இரும்புக் கை ஒரு டூல்பாக்ஸ் ஆகிவிடுகிறது. விரலில் துப்பாக்கி, புகை, ரேடியோ என்று சேர்ந்துகொண்டே போகும். எப்போது அந்தக் கை எல்லாவற்றையும் செய்ய ஆரம்பிக்கிறதோ, அப்போதே பதற்றம் போய்விடுகிறது. பெண்களுக்கு இந்தக் கதைகளில் அநேகமாக வேலையே இல்லை. ஸ்பைடர் இன்னும் நல்ல எச்சரிக்கை. லயன் காமிக்ஸில் நாம் கொண்டாடிய அந்தக் குற்றச் சக்கரவர்த்தியை, டெட் கோவனுக்குப் பிறகு எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்தவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல். எதிரிகளின் சக்தி கூடிக்கொண்டே போக, ஸ்பைடரின் சக்தியும் கூடவே ஏறியது. கடைசியில் எதைக் கண்டும் பயப்படத் தேவையில்லாத நிலை வந்துவிட்டது.

லோயர் கேம்பில் ஒரு சோதனை

வாதத்தைச் சும்மா சொல்வதைவிட ஒரு கதையில் வைத்துப் பார்க்கலாம். நம்ம பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். வருடம் 1962, 'வேலியன்ட்' வந்த அதே வருடம். லோயர் கேம்ப்பில் பெரியாறு பவர் ஹவுஸ் வந்து சில வருடம்தான் ஆகிறது. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் சரிவில் இறங்கி மின்சாரமாகிறது. குமுளி மலைப்பாதையில் போகிறவர்கள் இன்றைக்கும் அந்தக் குழாய்களைப் பார்க்கலாம். நம்ம நாயகன் ஜின்னிங் பாக்டரியில் கையை இழந்த ஒரு பிட்டர். எதிரிகள் ஏலக்காய் கடத்துகிற கும்பல். மேலே குமுளி, கீழே கூடலூர், அந்தப் பக்கம் போடி வியாபாரம்.

சூப்பர் ஹீரோ பாணியில் எழுதினால் அவர் லாரியைத் தூக்கிக் கவிழ்ப்பார். மூணு பக்கத்தில் கதை முடிந்தது.

பழைய சாகச பாணியில் எழுதிப் பாருங்கள். பவர் ஹவுஸில் ஷாக் வாங்கி மறைந்து லாரியில் ஏறுகிறார். வளைவுக்கு வளைவு சார்ஜ் இறங்குகிறது. கையைச் சாக்குக்குள் ஒளித்துக்கொள்ள வேண்டும். உருவம் திரும்புவதற்குள் இன்னொரு கரண்ட் கம்பி கிடைக்கவேண்டும், மலைக்காட்டில் எங்கே தேடுவது? அணையிலிருந்து தண்ணீர் திறப்பது குறைந்தால் மின் உற்பத்தியும் குறையும். அப்படியானால் மழை பொய்த்த வருடத்தில் மாயாவி என்ன செய்வார்? பள்ளத்தாக்கின் விவசாயி எந்தத் தண்ணீருக்காக வானத்தைப் பார்க்கிறாரோ, அதே தண்ணீருக்காக இவரும் பார்க்கவேண்டும். இதே ஆளைக் கொண்டுவந்து 2012-ல் விட்டால் இன்னும் வேடிக்கை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட். வில்லனே வேண்டாம், அட்டவணை பார்த்துத்தான் சாகசம் செய்யவேண்டும்!

சிரிப்பாக இருந்தாலும் விஷயம் இதுதான். பழைய பாணிக்குப் போனதும் ஊர் கதைக்குள் வருகிறது. மலை எவ்வளவு தூரம், கம்பி எங்கே போகிறது, எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் முக்கியமாகிவிடுகிறது. எல்லாம் முடிகிறவனுக்கு ஊர் தேவையில்லை. கம்பமானாலும் நியூயார்க்கானாலும் அவனுக்கு ஒன்றுதான்.

"இதெல்லாம் சின்ன வயசு ஏக்கம், இன்றைய பிள்ளைகள் ஒத்துக்கொள்ளுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏக்கம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஏக்கத்துக்காக என்றால் பழைய புத்தகத்தின் மறுபதிப்பு போதும். நான் கேட்பது புதிய கதை. மிஷ்கினின் 'முகமூடி' (2012) சூப்பர் ஹீரோ படம் என்றுதான் விளம்பரமானது. அதன் நாயகனுக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது, கற்றுக்கொண்ட குங்ஃபூதான். அந்தப் படத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். சக்தியைக் குறைத்தது அந்தக் குறைகளில் ஒன்றில்லை.

ஆக, மாயாவியைத் தொடப்போகிறவர்களுக்கு ஒரு வாசகனின் கோரிக்கை. சட்டை வேண்டாம். ஷாக்கும் நேரக்கெடுவும் அப்படியே இருக்கட்டும். முதல் கதையின் திருட்டுத்தனத்தைக் கழுவிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கை எப்படிப் போனது, யாரிடம் வேலை பார்த்தபோது போனது என்பதை இரண்டு நிமிஷ ஃப்ளாஷ்பேக்கில் முடித்துவிடாதீர்கள். நிழல்படை அவருக்கு வேலை கொடுத்தது சரி. அதற்கு முன்னால், கை போன மறுநாள் அவருக்குச் சம்பளம் வந்ததா என்ற கேள்வி இன்னும் யாரும் வரையாத ஒரு கட்டம். புதிய மாயாவி அங்கிருந்து தொடங்கினால், முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவேன்.