ஒரே அச்சுப் படகுகளின் பந்தயத்தை ரசிப்பது எப்படி?

பாய்மரப் படகுப் போட்டியில் ‘ஒரே வடிவ வகுப்பு’ என்பது, உடல், கம்பம், பாய் ஆகிய யாவும் ஒரே அளவில் அமைந்த படகுகளே தம்முள் போட்டியிட வேண்டும் என்னும் ஏற்பாடாகும். படகுகள் சமமாகிவிடுவதால், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது செலுத்துபவரின் கையும் கண்ணுமே. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் செலுத்தும் ஐஎல்சிஏ 6 வகுப்பையும், கணபதி, வருண் தக்கர் இணை 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஃபார்ட்டிநைனர் வகுப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது தெளிவாக விளங்கும்.

புரூஸ் கர்பி வடிவமைத்து, லேசர் என்னும் பெயரில் 1970களில் பரவிய ஐஎல்சிஏ, சுமார் 4.2 மீட்டர் நீளமும் ஒரே பாயும் கொண்டு, ஒருவரே செலுத்தும் படகாகும். காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்க, வீரர் படகினுள் உள்ள பட்டையில் பாதங்களைக் கோத்து, உடலை மறுபக்கம் நீருக்கு மேல் நீட்டி அதைச் சமன் செய்கிறார். பலத்த வீச்சு வந்து சேரும் கணத்திலேயே உடலைச் சாய்த்து, பாயைக் கட்டுப்படுத்தும் தாமான் கயிற்றையும் சற்றே நெகிழ்த்துபவரின் படகு சாயாமல் முன்னே பாய்கிறது. ஒரு நொடி தாமதிப்பவரின் படகோ சாய்ந்து வேகம் இழக்கிறது.

எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேரெதிராகச் செல்ல இயலாததால், எதிர்க்காற்றில் எல்லாப் படகுகளும் வளைந்து வளைந்தே ஏறுகின்றன. பந்தயத்தின் நுட்பம் மிகுந்த பகுதியும் இதுவே. குமரிக் கரையில் கச்சான் எனப்படும் மேல்காற்றை எதிர்த்துப் படகுகள் செல்வதாகக் கொண்டால், அது சில பாகை தெற்கே திரும்பியவுடன் தென்புறம் ஒதுங்கியிருந்தவர்கள் முன்னிலை பெற்றுவிடுவார்கள். எனவே யார் வேகமாகச் செல்கிறார் என்பதைவிட, யார் எந்தப் பக்கத்தைத் தேர்ந்தார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான ஃபார்ட்டிநைனர் ஏறக்குறைய 5 மீட்டர் நீளமுள்ள இருவர் படகு. இருவருமே பக்கச் சிறகுகளின் விளிம்பில் நின்று, கம்பத்திலிருந்து வரும் கம்பியில் தொங்குகின்றனர். இயற்கைக் காற்றோடு படகின் ஓட்டத்தால் எழும் எதிர்க்காற்றும் சேர்ந்தே பாயைத் தள்ளுவதால், பின்காற்றிலும் இது நேர்வழியை விட்டுக் கோணலாகச் சென்றே வேகம் ஈட்டுகிறது. திசை மாற்றும்போது, பெரிய முன்பாய் மறுபுறம் மாறுவதற்குள் இருவரும் எதிர்ச் சிறகுக்குத் தாவியாக வேண்டும். அடி பிசகினால் படகே கவிழும். இந்தக் காட்சி கண்ணைக் கவர்வது உண்மையே. ஆயினும் பார்வையைப் பழக்குவதற்கு, காற்றின் சிறு மாற்றத்தையும் வெளிக்காட்டும் ஐஎல்சிஏ வகுப்பே ஏற்றது.

முதலிடத்துக்கு 1 புள்ளி, பத்தாமிடத்துக்கு 10 என்று கணக்கிட்டு, பல சுற்றுகளின் கூட்டலில் குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வதால், முன்னணியில் ஒருவரை முந்துவதற்கும் பதினைந்தாம் இடத்தில் ஒருவரை முந்துவதற்கும் மதிப்பு ஒன்றே. டோக்கியோ ஒலிம்பிக்கில் 35ஆம் இடம் பெற்ற நேத்ரா பாரிஸ் ஒலிம்பிக்கில் 21ஆம் இடத்துக்கு உயர்ந்தது இத்தகைய கூட்டலின் வழியேதான். ஆகவே ஒளிபரப்பில் முதல் படகு எல்லையைக் கடந்த பின்னரும், நடுக்கூட்டத்தின் இறுதி நூறு மீட்டரைத் தவறாமல் பார்க்க வேண்டும்.