அச்சேறிய பொய்யும் பத்திராசிரியர் கடனும்

காட்சி, கருதல், உரை என்னும் அளவை மூன்றனுள் இடர்ப்பாடு மிகுதியும் உடையது உரையளவையே. காட்சியிற் பிழை நேரின் மீட்டும் நோக்கித் தெளியலாம். கருதலிற் பிழை நேரின் ஏதுவை ஆராய்ந்து திருத்தலாம். உரையிற் பிழை நேரின் உரைத்தான்பாற் சென்று வினவுதலன்றி வேறு வழியின்று. அதுபற்றியே, பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே உரைப்பானது சொல்லே பிரமாணமாம் என்று அளவை நூலார் வரையறுத்தனர். அறிவியல் ஆராய்ச்சி இதழ்களின் ஒழுக்கத்தைக் குறித்து எழுதப் புகுந்த யாம் அளவை நூலிலே தொடங்குதல் சிலர்க்கு வியப்பாகலாம். சோதனைச் சாலையிற் கண்டது கண்டார்க்குக் காட்சி. அதனை இதழிற் படிப்பார்க்கோ அது வெறும் உரை. படிப்பவர் நம்புவது எழுதினாரை மட்டுமன்று. எழுதியதை ஏற்று அச்சிட்ட பத்திராசிரியரையும் ஆம்.

இதழுக்கு வரும் கட்டுரையை அத்துறை வல்லார் இருவர் மூவர்க்கு அனுப்பி, அவர் குணமும் குற்றமும் நாடிக் கூறியபின் அச்சிடுதல் இவ்விதழ்களின் வழக்கு. இதனை நம் நாட்டு அரங்கேற்றத்தோடு ஒப்பிட்டு மகிழ்வார் உளர். அவ்வொப்புமை பாதியே பொருந்தும். அரங்கேறும் நூல் முழுவதும் அவையின்முன் கிடக்கும். அதன் குற்றம் அதனுள்ளேயே காணப்படும். ஆராய்ச்சிக் கட்டுரையிலோ கட்டுரை வேறு, அதற்கு மூலமாகிய பதிவுகள் வேறு. மதிப்பிடுவார் கையிற் சேர்வது பெரும்பாலும் கட்டுரை ஒன்றே. ஏட்டைக் காணாது அச்சுப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு பாடம் துணிவாரை ஒப்பர் அவர்.

இக்குறையால் விளைந்த கேட்டிற்கு ஓர் எடுத்துக்காட்டு, 1823-இல் தொடங்கிய பழம்பெரும் மருத்துவ இதழாகிய லான்செட்டிலேயே உளது. 1998 பிப்ரவரி 28-ஆம் நாள் அவ்விதழில், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பாரும் வேறு 12 பேரும் சேர்ந்து ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவசாலைக்கு வந்த 12 குழந்தைகளிடத்துக் குடல் அழற்சியும் மனவளர்ச்சிப் பின்னடைவும் ஒருங்கே கண்டதாகவும், அவருள் எண்மர்க்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா என்னும் மூன்றற்குமாக இடும் தடுப்பூசியின்பின் நோய் தோன்றியதாகப் பெற்றோர் கூறினர் எனவும் அஃது உரைத்தது. ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பு நிறுவப்பட்டிலது என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. அதே இதழில் வேறிருவர் அதனை ஐயுற்று எழுதிய குறிப்பும் உடன் வெளியாயிற்று. இவ்வளவிற் பத்திராசிரியர் நெறி பிறழ்ந்தார் என்னல் ஆகாது. ஆயினும் வேக்ஃபீல்டு செய்தியாளரைக் கூட்டி, மூன்றையும் ஒருங்கே இடுதலை நிறுத்தித் தனித்தனியே இடுதல் வேண்டும் என்றார். கட்டுரையின் அடக்கம் ஒருவர் செவியிலும் ஏறவில்லை. அவர் வாய்ச்சொல்லே ஊரெங்கும் பரவிற்று. இங்கிலாந்தில் 1995–96-இல் நூற்றுக்கு 92 அளவினதாக இருந்த தடுப்பூசி வீதம் 2003–04-இல் 80 அளவிற்கு இழிந்தது.

2004 பிப்ரவரியில் பிரையன் டீர் என்னும் செய்தியாளர், ஊசி செய்யும் நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்க முற்பட்ட பெற்றோரின் வழக்கறிஞர் வாயிலாக வேக்ஃபீல்டு பொருள் பெற்றிருந்தார் என்பதையும், கட்டுரையிற் கண்ட குழந்தைகளுட் சிலர் அவ்வழக்கிற்கு உரியவர் என்பதையும் வெளிப்படுத்தினார். அப்பொருள் நான்கு லட்சத்து முப்பத்தையாயிரம் பவுனுக்கு மேற்பட்டது என்பது 2006-இல் தெரிந்தது. இவற்றுள் ஒன்றேனும் கட்டுரையிற் சொல்லப்பட்டிலது. பத்திராசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன், முன்னரே அறிந்திருப்பின் அதனை ஏற்றிரோம் என்னும் கருத்துப்பட மொழிந்தார். ஏற்கத் தகாதது என்று கண்டபின்னும் அதனை நீக்கினாரோ எனின், இல்லை. கட்டுரையாளர் 13 பேருள் 10 பேர் ஊசியைப் பற்றிய தம் கருத்தை மட்டும் மீட்டுக்கொண்டனர். ஏனைக் குற்றச்சாட்டுகளை ஆராயும் பொறுப்பு, அக்கட்டுரை பிறந்த மருத்துவசாலையிடமே சென்றது. கட்டுரை முழுதும் நீக்கப்பட்டது 2010 பிப்ரவரி 2-ஆம் நாள். வெளியாகிப் பன்னீராண்டு சென்றபின்.

அந்நீக்க அறிவிப்பை நூலாராய்வார் கண்கொண்டு படித்தல் தகும். அஃது ஒரே பத்தி. அதிற் காட்டப்பட்ட காரணம் சிறப்பாக இரண்டு. குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்படாது வந்த முறையே தொடர்ச்சியாகச் சேர்க்கப்பட்டனர் என்றது பொய். மருத்துவசாலை அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்றோம் என்றதும் பொய். முதலாவது பெரியது. வந்த முறையே சேர்ந்தவர் எனின் அப்பன்னிருவர் நிலை பிறர்க்கும் ஒருவாறு சான்றாகும். வழக்கின்பொருட்டுத் திரட்டப்பட்டவர் எனின் அவர் சான்றாதல் யாண்டையது? இம்முடிபிற்கு இதழ் கொண்ட ஆதாரமோ, ஐந்து நாள் முன்னர்ப் பிரிட்டிஷ் பொது மருத்துவ மன்றம் சொல்லிய தீர்ப்பு. அஃதாவது, இதழ் தான் மூலப்பதிவுகளைக் கண்டு துணிந்ததன்று. பிறர் துணிவை ஏற்றுத் தான் துணிந்தது. ஓர் உரைக்கு மாறாக மற்றோர் உரை!

இதன் பயன் இரண்டாண்டில் தோன்றிற்று. அம்மன்றத்தால் வேக்ஃபீல்டோடு ஒருங்கு பெயர் நீக்கப்பட்ட மூத்த மருத்துவர் ஒருவர் மேல்முறையீடு செய்து, 2012 மார்ச்சு மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அத்தீர்ப்பு வேக்ஃபீல்டைக் குற்றமற்றவர் என்றிலது. ஆயினும் அவர் சார்பினர், மன்றத் தீர்ப்பே ஆட்டங்கண்டபின் அதன்மேல் எழுந்த நீக்கம் யாங்ஙனம் நிற்கும் என்று வினவத் தொடங்கினர். மன்றத்தையன்றிப் பதிவுகளையே இதழ் தூணாகக் கொண்டிருப்பின் இவ்வினா எழுதற்கே இடமில்லை. அப்பதிவுகள் கூறுவது யாதென்பது 2011 சனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டீர் எழுதிய கட்டுரைகளால் விளங்கிற்று: பன்னிருவருள் ஒருவர் செய்தியேனும் திரிபின்றி எழுதப்பட்டிலது. முன்னர் நலமாயிருந்தனர் என்று எழுதப்பட்டாருள் ஐவர்க்கு ஊசிக்கு முன்னரே வளர்ச்சிக் குறை ஐயுறப்பட்டிருந்தது. இவ்வொப்புநோக்கலைச் செய்தவர் மருத்துவரல்லர், செய்தியாளர் ஒருவர். பத்திராசிரியரும் ஒத்த அறிஞரும் செய்ததில்லாத பணி அது.

ஈண்டு ஒரு தடை எழும். பத்திராசிரியர் நீதிபதியல்லர், ஐயம் எழுந்த மாத்திரையே கட்டுரையை நீக்கினால் குற்றமற்றார் பெயர் கெடும், அவதூறு வழக்கும் வரும், ஆகவே ஆராய்தல் கட்டுரையாளரைப் பணிகொண்ட நிலையத்தின் கடனே என்பது. வெறுந்தடையன்று இது. வேக்ஃபீல்டு டீரின்மேல் வழக்குத் தொடுத்துப் பின்னர்க் கைவிட்டதும் உண்டு. 1997-இல் பிரிட்டனில் மருத்துவ இதழாசிரியர் சிலர் கூடி நிறுவிய வெளியீட்டு அறநெறிக் குழுவும் இக்கொள்கையே உடையது. அதனை நிறுவினாருள் ஹார்ட்டனும் ஒருவர் என்பது நினைக்கத்தக்கது. தண்டம் விதித்தல் இதழாசிரியர்க்கு உரியதன்று என்பதில் எமக்கும் உடன்பாடே. ஆயினும் தண்டித்தல் வேறு. தாம் அளித்த சான்றை மீட்டுக்கொள்ளுதல் வேறு. தம் இதழின் பெயரை ஒரு கட்டுரைக்குப் பிணையாகக் கொடுத்தவர், பிணைக்குரிய ஆவணத்தைக் காட்டுக என்று கேட்டற்கு எவர் இசைவு வேண்டும்? காட்ட மறுப்பின், பொய்யன் என்று சொல்லாமலே, யாம் இதற்குப் பிணை நில்லோம் என்னலாம். தாம் பயன்பெறாத பொருளை ஆராய்வார் ஒருவரை நாடாது, புகழும் பொருளும் இழக்கவிருக்கும் நிலையத்தையே ஆராயச் சொல்லுதல் எவ்வாறு முறையாகும் என்பதும் எமக்கு விளங்கவில்லை.

இது செய்தற்கு இயலாததன்று என்பதற்கு அதே லான்செட் சான்று. கொரோனா நோய் மிக்கிருந்த 2020 மே 22-ஆம் நாள், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் மருந்து நோயாளர்க்குத் தீங்கு பயக்கும் என்று அவ்விதழில் ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவசாலைகளிற் கண்ட 96,032 நோயாளர் செய்தி அதற்கு ஆதாரமாம். அச்செய்தி முழுதும் சர்ஜிஸ்ஃபியர் என்னும் சிறு நிறுவனத்தின் கைவசம். மூன்று நாளில் உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அம்மருந்தை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை இறந்தோர் 73 என்று கட்டுரை சொல்ல, அற்றை நாள் வரை அந்நாடு முழுவதிலும் இறந்தோரே 67 பேர் என்பது வெளியாயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் கைச்சாத்திட்டு மூலப்பதிவுகளைக் காட்டுக என்றனர். இதழ் ஜூன் 3-இல் ஐயக்குறிப்பு வெளியிட்டது. மருத்துவசாலைகளோடு செய்த ஒப்பந்தம் தடுக்கும் என்று கூறி அந்நிறுவனம் காட்ட மறுக்கவே, கட்டுரையாளர் நால்வருள் மூவர் ஜூன் 4-இல் அதனை மீட்டுக்கொண்டனர். முன்னையதற்குப் பன்னீராண்டு, இதற்குப் பதின்மூன்று நாள். குற்றம் செய்தார் யாவர், எதன்பொருட்டு என்று ஒருவரும் தீர்த்துரைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததில்லை.

இதனைப் படித்தபோது எமக்கு ஒரு பழைய நினைவு வந்தது. அச்சான ஓர் உரைநூலில் வேறெங்கும் காணாத அரிய பாடம் ஒன்றைக் கண்டு, அதனை நம்பி எம் கட்டுரையிலும் ஆண்டோம். பின்னர் அப்பதிப்பாளரைக் கண்டு, அப்பாடம் உள்ள ஏட்டைக் காட்டுமாறு வேண்டினேம். ஏடு செல்லரித்துப்போயிற்று என்றார். அப்பாடத்தை மீட்டுக்கொண்டு யாம் எழுதிய குறிப்பு, அவ்விதழின் கடைசிப் பக்கத்தில், சந்தா அறிவிப்பின் கீழே பிழைதிருத்தமாக வந்தது. எம் கட்டுரையை எடுத்தாண்டார் பலர். அக்குறிப்பைப் படித்ததாக ஒருவரும் எம்மிடம் சொன்னதில்லை. இவ்வகையில் லான்செட் செய்தது பாராட்டற்குரியது: நீக்கிய கட்டுரையை அழித்து மறையாது, நீக்கப்பட்டது என்னும் சொல்லைப் பக்கங்களின் குறுக்கே பொறித்து, படிப்பார் கண்ணில் முதலிற் படுமாறு வைத்துள்ளது. தள்ளிய பாடத்தையும் அடிக்குறிப்பிற் காட்டும் நல்ல பதிப்பாளர் ஒழுக்கம் அது.

2020 செப்டம்பரில் அவ்விதழ் தன் விதிகளைத் திருத்திற்று. கட்டுரையாளருள் ஒருவர்க்கு மேற்பட்டோர் மூலச்செய்திகளைத் தாமே நேரிற் கண்டு சரிபார்த்ததாக இனிக் கைச்சாத்திடல் வேண்டும். அச்செய்திகளைப் பிறர்க்கு எவ்வாறு அளிப்பர் என்பதையும் கட்டுரைதோறும் கூறல் வேண்டும். ஒருவரே சொல்லியதை இருவர் சொல்லுமாறு செய்தது முன்னேற்றமே. ஆயினும் சொல்லுவார் இன்னும் கட்டுரையாளரே. அச்சிடுமுன் பதிவுகளைத் தானும் ஒருமுறை திறந்து பார்க்கும் கடனை அவ்விதிகளுள் இதழ் தன்மேல் ஏற்றுக்கொண்டிலது.