கட்டளைக்கல்லும் வாக்குச் சீட்டும்

2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்திருந்த சமயம். எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு நன்னெறிக் கல்வி நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, தலைவராக வருபவர் ஒழுக்கமுள்ளவராக இருக்கவேண்டும் என்று நாம் படிக்கிறோம். அமெரிக்காவில் கடவுள் பக்தி மிகுந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்களா?" என்று கேட்டான். "தேர்தலில் பல காரணங்கள் உண்டு" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அன்று விடுத்த குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

அமெரிக்காவில் பழமை பேணும் கிறித்தவர்கள் தம் சமய விழுமியங்களைக் கொண்டே அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது பலரும் கூறும் செய்தி. இதனை விளக்குவோர் இரு சாரார். ஒரு சாரார், சமயப் பற்றே அம்மக்களின் வாக்கை நடத்துகிறது என்பர். பிறிதொரு சாரார், சமயம் வெறும் போர்வை. உள்ளிருப்பது கட்சிப் பற்றும் இனப் பற்றுமே என்பர். இரண்டும் பாதி உண்மை என்பதே என் கருத்து. விழுமியங்கள் வாக்கை உருவாக்குகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயின் எந்த விழுமியம் முன்னிற்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. அம்மாற்றத்தைக் காணாது அம்மக்களைப் புகழ்வதும் பிழை, பழிப்பதும் பிழை.

ஈண்டுப் பழமை பேணும் கிறித்தவர் என்று நான் குறிப்பது, 'இவாஞ்சலிக்கல்' என்று அந்நாட்டார் வழங்கும் வெள்ளையினப் புரோட்டஸ்டண்டு மக்களையே. வேதாகமமே முடிந்த முடிபு என்பதும், ஒவ்வொருவரும் மனந்திரும்பி மறுபிறப்பு எய்தவேண்டும் என்பதும் இவர்தம் கொள்கைகள்.

சபை, சான்று, சட்டம்

1960-ஆம் ஆண்டுத் தேர்தலை முதலில் நோக்குவோம். அன்று வேட்பாளராக நின்ற ஜான் கென்னடி கத்தோலிக்கர். அவர் அதிபரானால் உரோமாபுரியின் சொற்படி நடப்பாரோ என்று புரோட்டஸ்டண்டுப் போதகர் பலர் அஞ்சினர். அவ்வாண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், போதகர்கள் கூடியிருந்த அவையில் கென்னடி எழுந்து, அரசும் சபையும் தனித்தனியே நிற்கவேண்டும் என்றும், தம் அரசியல் முடிவில் சபைத் தலைவர் எவரும் தலையிட இடமில்லை என்றும் உறுதி கூறினார். 'இவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர்?' என்பதே அன்றைய முதல் வினா.

1976-இல் வினா மாறியது. ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூராகிய பிளெயின்சிலிருந்து வந்த ஜிம்மி கார்ட்டர், தென்னகப் பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்தவர். ஞாயிறு வேதபாடம் கற்பித்தவர். தாம் மறுபிறப்பு எய்தியவர் என்று வெளிப்படையாகக் கூறியவர். உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற பழைய தென் மாநிலங்கள் 11-இல் 10 அவருக்கு வெற்றி தந்தன. 'இவர் வாழ்வில் இறைநம்பிக்கை தெரிகிறதா?' என்பது அன்றைய வினா.

நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1980-இல் அதே 11 மாநிலங்களில் கார்ட்டருக்குக் கிட்டியது அவர் பிறந்த ஜார்ஜியா ஒன்றே. அவரை வென்ற ரொனால்டு ரீகன், மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்துகொண்டவர். கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது 1967-இல் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையொப்பமிட்டவரும் அவரே. 1969-இல் மணவிலக்கை எளிதாக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டவரும் அவரே. ஞாயிறுதோறும் வேதபாடம் நடத்தியவரை விடுத்து இவரைப் பக்தர்கள் நாடியது ஏன்? பொருளாதார நெருக்கடியும் ஈரானில் அமெரிக்கர் சிறைப்பட்ட நிகழ்ச்சியும் கார்ட்டரின் தோல்விக்குக் காரணங்களே. ஆயினும் அவை மட்டும் காரணமல்ல.

அரசுப் பள்ளிகளில் அரசு நடத்தும் வழிபாடு கூடாதென 1962-இலும், வேதவாசகம் கூடாதென 1963-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973-இல் கருக்கலைப்பு உரிமையை ஏற்ற தீர்ப்பு வந்தது. நிறவேற்றுமை காட்டும் தனியார் பள்ளிகளின் வரிச் சலுகையைப் பறிக்கும் விதிகளை 1978-இல் வருமான வரித்துறை முன்மொழிந்தபோது, கிறித்தவத் தனியார் பள்ளிகளை நடத்தியோர் கொதித்தெழுந்தனர். 1979-இல் ஜெரி பால்வெல் என்னும் போதகர் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற அமைப்பைத் தொடங்கினார். வேட்பாளரின் வாழ்வைவிட அவர் ஆதரிக்கும் சட்டமே பெரிது என்னும் எண்ணம் வேரூன்றியது. ரீகன் கருக்கலைப்பை எதிர்ப்பதாக உறுதி கூறினார். கார்ட்டர் அவர்கள் விரும்பிய அளவுக்குக் கூறவில்லை.

ஆராய்ச்சியாளர் மனங்கொள்ளவேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. தென்னகப் பாப்டிஸ்டு மாநாடே 1971-இல், வன்புணர்ச்சி, தாயின் உடல்நலக் கேடு, மனநலக் கேடு போன்ற நிலைகளில் கருக்கலைப்புக்குச் சட்டம் இடந்தரவேண்டும் எனத் தீர்மானித்திருந்தது. பின்னரே அது கடும் எதிர்ப்பு நிலையை மேற்கொண்டது. எனவே தொன்றுதொட்டு மாறாதது என்று நாம் கருதும் விழுமியத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது தெளிவு.

இம்மாற்றம் எத்துணை ஆழமானது என்பதை 2012-ஆம் ஆண்டு காட்டியது. மோர்மன் சமயத்தாரைக் கிறித்தவராகவே ஏற்கத் தயங்குவோர் இவாஞ்சலிக்கல் மக்களிற் பலர். எனினும் மோர்மனாகிய மிட் ரோம்னிக்கே, புரோட்டஸ்டண்டாகிய ஒபாமாவை விடுத்து, அவர்களுள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் வாக்களித்தனர். 1960-இன் வினா மறைந்தே போயிற்று.

1998-இன் தீர்மானம்

இவ்வாறு சட்டமே பெரிதென்று கருதிய அம்மக்கள், தனிமனித ஒழுக்கத்தைக் கைவிட்டுவிட்டனரா? இல்லை. 1998-இல் அதிபர் பில் கிளிண்டனின் முறைகேடான உறவு அம்பலமாயிற்று. அவரும் தென்னகப் பாப்டிஸ்டே. அவ்வாண்டு ஜூன் திங்களில் சால்ட் லேக் நகரில் கூடிய தென்னகப் பாப்டிஸ்டு மாநாடு, பொதுப் பதவி வகிப்போரின் ஒழுக்கம் குறித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர்களின் பெருங்குற்றத்தைப் பொறுத்துக்கொள்வது சமுதாயத்தின் மனச்சான்றை மரத்துப் போகச் செய்யும். மக்களிடையே கட்டற்ற ஒழுக்கக்கேட்டை வளர்க்கும். இறைவனின் தண்டனையையும் வருவிக்கும் என்பது அதன் சாரம். குறையற்றவர் எவருமிலர் என்பதை அது மறுக்கவில்லை. ஆயினும் நேர்மையும் தூய்மையும் உயர்பண்பும் உடையவரையே தேர்ந்தெடுக்குமாறு நாட்டினரை வேண்டியது.

இத்தீர்மானத்தை ஓர் இலக்கியப் பனுவலைப் படிப்பதுபோல் ஊன்றிப் படித்தேன். இதில் கட்சியின் பெயர் இல்லை. 'எதிரணித் தலைவர் தவறினால் மட்டும்' என்ற விதிவிலக்கு இல்லை. 'நல்ல சட்டம் தருவாராயின் பொறுத்துக்கொள்க' என்ற சலுகையும் இல்லை. மன்னவன் குற்றம் மக்கள் மனத்தைக் கெடுக்கும் என்பது அனைவர்க்கும் பொதுவான அறமாகவே கூறப்பட்டுள்ளது. ஆகவே இதனை எழுதியோர் பின்னாளில் இதே கல்லில் தம் வேட்பாளரையும் உரைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர் ஆவர்.

அந்நாள் 2016-இல் வந்தது. டோனல்டு டிரம்ப் மும்முறை மணந்தவர். பெண்களைப் பற்றி அவர் இழிவாகப் பேசிய பழைய ஒலிப்பதிவு அவ்வாண்டு அக்டோபரில் வெளியாயிற்று. நவம்பரில் வெள்ளையின இவாஞ்சலிக்கல் மக்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வர் அவருக்கே வாக்களித்தனர்.

இதனினும் வியப்பளிப்பது ஒரு கருத்தாய்வு. தனிவாழ்வில் ஒழுக்கந்தவறியவர் பொதுவாழ்வில் நேர்மையாகக் கடமையாற்ற இயலுமா என்று பி.ஆர்.ஆர்.ஐ. என்னும் சமய ஆய்வு நிறுவனம் மக்களிடம் வினவியது. 2011-இல் 'இயலும்' என்ற வெள்ளையின இவாஞ்சலிக்கல் மக்கள் நூற்றுக்கு 30 பேர். 2016-இல் 72 பேர். வேறெந்தச் சமயப் பிரிவினரிடமும் இத்துணைப் பெரிய மாற்றம் காணப்படவில்லை. வேதாகமம் அவ்வைந்தாண்டுகளில் மாறவில்லை, வேட்பாளரே மாறினார்.

எதிர்வாதமும் அதன் வலிமையும்

இம்மக்களின் சார்பில் கூறத்தக்கதை ஒதுக்கிவிடுதல் முறையன்று. உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கலியா 2016 பிப்ரவரியில் காலமானார். அவ்விடத்தில் யாரை அமர்த்துவது என்பது அத்தேர்தலின் பெருவினாவாயிற்று. டிரம்ப் மே திங்களிலேயே நீதிபதிகளாகத் தாம் கருதுவோரின் பட்டியலை வெளியிட்டார். பதவி ஏற்றபின் மூவரை அமர்த்தினார். 2022 ஜூன் 24-ஆம் நாள் 1973-இன் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது, நீக்கியவர்களுள் அம்மூவரும் இருந்தனர். கருவிலுள்ள உயிரைக் காப்பது தலையாய அறம் என்று உண்மையாகவே நம்பும் ஒருவர், 'ஒரு மனிதனின் தனிக்குற்றம் பெரிதா, எண்ணற்ற உயிர்கள் பெரிதா?' என்று கேட்டால், அவ்வினாவை எள்ளி நகையாட நம்மால் இயலாது.

போதகர் சிலர் இதற்கு வேதச்சான்றும் காட்டினர். யூதரைப் பாபிலோன் சிறையினின்று விடுவித்த பாரசீக மன்னன் கோரேசு, யூதரின் இறைவனை வழிபடாதவன். ஆயினும் இறைவனின் கருவியாக ஏசாயாவின் ஆகமத்தில் போற்றப்படுகிறான். அவ்வாறே டிரம்பும் என்றனர். இங்குதான் 2016-இன் வினா முழுவடிவம் பெறுகிறது. 'இவர் நம்மைப் போன்றவரா?' என்பதன்று, 'இவர் நம்மைக் காப்பாரா?' என்பதே அது. முன்மாதிரியைத் தேடியவர்கள் காவலனைத் தேடலாயினர்.

நமது மதிப்பீடு

இதனை மதிப்பிட நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என ஓர் அதிகாரமே அமைத்துள்ளார். ஆசிரியர்கள் அதனை அறிவர். மாசற்ற மனிதரைத் தேடுமாறு அவர் கூறவில்லை. கற்றுத் தெளிந்தவரிடத்தும் குறை இருக்கும் என்கிறார். குணத்தையும் குற்றத்தையும் எடைபோட்டு மிகுந்ததைக் கொள்க என்கிறார். ஆகவே எடைபோட்டதற்காக அமெரிக்க வாக்காளரை நாம் குறைகூற இயலாது. ஆனால் அதே அதிகாரத்தில், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர்தம் செயலே கட்டளைக்கல் என்றும், அன்பு ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தெளிதல் பேதைமை என்றும் உரைக்கிறார். கட்டளைக்கல்லின் இயல்பு யாது? யார் கொண்டுவந்த பொன்னாயினும் ஒரே வகையில் உரைத்துக் காட்டுவதே. பிறர் பொன்னுக்கு ஒரு கல், நம் பொன்னுக்கு ஒரு கல் என்றால் இரண்டுமே கட்டளைக்கல் ஆகா.

இதனை உணர்ந்தோர் அவர்களிடையேயும் இருந்தனர். பாப்டிஸ்டு இறையியற் கல்லூரித் தலைவர் ஆல்பர்ட்டு மோலர், தாம் டிரம்பை ஆதரித்தால் கிளிண்டனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்கும் என்று 2016-இல் கூறினார். நேர்மையான சொல் அது. ஆனால் 2020-இல் அவரே டிரம்புக்கு வாக்களிக்கப் போவதாக அறிவித்தார். பில்லி கிரகாம் 1956-இல் நிறுவிய 'கிறிஸ்டியானிட்டி டுடே' இதழோ வேறு வழி சென்றது. 1998-இல் கிளிண்டனைப் பற்றித் தான் எழுதியதை எடுத்துக்காட்டி, அதே அளவுகோலின்படி டிரம்பும் பதவியினின்று நீக்கப்படவேண்டும் என்று 2019 டிசம்பரில் தலையங்கம் தீட்டியது. அதன் முடிவு சரியா தவறா என்பது வேறு. அளவுகோலை மாற்றவில்லை என்பதே நாம் போற்றத்தக்கது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கறுப்பினப் புரோட்டஸ்டண்டு மக்களும் அதே வேதாகமத்தையே ஓதுகின்றனர்; மறுபிறப்பையே நம்புகின்றனர். ஆயினும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகின்றனர். அடிமைத்தளையும் நிறவேற்றுமையும் பட்டவர்க்கு வேதம் முதலில் காட்டும் விழுமியம் வேறாக இருக்கிறது. நூல் ஒன்றே, அதைப் படிக்கும் வாழ்வு வேறு. சமயம் ஒன்றே வாக்கை நடத்துகிறது என்னும் முதற் சாரார் இதற்கு விடைகூற இயலாது. சமயம் வெறும் போர்வை என்னும் இரண்டாம் சாராரோ, கருக்கலைப்பை எதிர்த்து அரை நூற்றாண்டு உழைத்தோரின் உறுதிக்கு விடைகூற இயலாது.

இறுதியாக, காவலனைத் தேடியதன் விலை யாது என்பதையும் காண்போம். 2024 ஜூலையில் குடியரசுக் கட்சி வெளியிட்ட கொள்கை அறிக்கை, நாடு தழுவிய சட்டத்தால் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் பழைய கோரிக்கையை விடுத்து, அதனை மாநிலங்களின் பொறுப்பில் விட்டது. இவாஞ்சலிக்கல் கிறித்தவரான முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸ் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆயினும் நவம்பரில் முன்போலவே ஏறத்தாழ ஐவரில் நால்வர் அதே வேட்பாளருக்கு வாக்களித்தனர். சட்டத்துக்காக ஒழுக்கத்தை விட்டுக்கொடுத்தவர்கள், காவலனுக்காகச் சட்டத்தையும் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. எதைச் செய்தாலும் கிடைத்துவிடும் என்று முன்கூட்டியே தெரிந்த வாக்குக்கு விலை பேசும் ஆற்றல் இல்லை. 1998-இன் தீர்மானம் மனச்சான்றுக்கு மட்டும் காவல் அன்று. அம்மக்களின் அரசியல் வலிமைக்கும் அதுவே காவலாக இருந்தது என்பது இன்று தெரிகிறது.

அச்சிறுவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். அடுத்த முறை அவனைக் கண்டால் இவ்வாறு கூறுவேன்: "அவர்களும் பார்த்தார்கள், தம்பி. பிறர் தலைவரிடம் ஒழுக்கத்தைப் பார்த்தார்கள். தம் தலைவரிடம் பயனைப் பார்த்தார்கள். நீ வாக்களிக்கும் வயதை எட்டும்போது இரண்டையும் இருவரிடமும் பார்." நன்னெறிப் பாடத்தை நடத்தும் நாமும், நம் சங்கங்களிலும் கோயில் நிருவாகங்களிலும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த ஒரே கல்லைத்தான் கையில் எடுக்கிறோமா என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது நன்று.