பின்னக் குறிகளும் ஒருங்குறியும்

பழங்கணக்கேடுகளில் வழங்கிய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல், ஒருங்குறியின் 12.0 பதிப்பில் இடம்பெற்றன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அவற்றின் முறைப்பெயர்கள் ஆங்கிலத்தில் அளவை மட்டுமே சுட்டுகின்றன. மாகாணி என்னுஞ் சொல், மாவும் (1/20) காணியும் (1/80) கூடி 1/16 ஆதலைத் தன்னுள்ளேயே காட்டும், வீசமும் அவ்வளவினதே. ஒருங்குறியோ 1/16-க்குரிய இரு வடிவங்களை ஒன்று, இரண்டு என எண்ணிட்டு நிறுத்துகிறது. அளவை 320-இல் ஒரு கூறாக்கும் 'கீழ்' என்னுங் குறி மட்டும் தமிழ்ப் பெயரோடு நிற்பது வியப்பே! ஒருமுறை இட்ட பெயரை மாற்றுதல் ஒருங்குறி நெறிக்கு ஒவ்வாது. ஆதலின் பொறுப்பு ஏடு பதிப்போர்மேலதாகின்றது. அவர் 1/16 என மாற்றி அச்சிடாது மூலக்குறியையே இடுதல் வேண்டும்; மாற்றியபின், கணக்கெழுதினார் எவ்வடிவை வரைந்தார் என்பது எவர்க்கும் புலனாகாது.