விபத்து வழக்கும் ஊர் வக்கீலும்

அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நாலு நாள் இருந்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மாவுக்கட்டோடு ஒருவர் படுத்திருக்கிறார், தலைமாட்டில் மனைவி. முன்பின் தெரியாத ஒருவர் வந்து, எந்த ஊர், எந்த வண்டி மோதியது, எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா என்று பரிவோடு விசாரிக்கிறார். "நீங்க ஒரு பைசா செலவு பண்ண வேண்டாம்மா. பணம் வந்த பிறகு வக்கீலுக்குப் பங்கு கொடுத்தாப் போதும்" என்கிறார். வக்காலத்தோடு சேர்த்து எழுதாத வெள்ளைத் தாள்கள் நாலைந்தும் நீட்டப்படுகின்றன. அடிபடாத கையின் பெருவிரலில் மை ஏறுகிறது.

இதைத் தரகு வேலை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஏழைக்கு இதை விட்டால் வேறு வழி ஏது என்று நியாயப்படுத்தவும் செய்யலாம். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. ஊர் வக்கீலின் துணையில்லாமல் காயம்பட்ட எளியவர் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் படியேற முடியாது. ஆனால் அந்த வக்கீலை அழைத்துவரும் பங்கு ஏற்பாடே பிறகு இருவருக்கும் நடுவில் சுவராக எழும்பிவிடுகிறது.

முதலில் வக்கீலின் பலத்தைப் பார்ப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166-ஆவது பிரிவின்கீழ், விபத்து நடந்த ஊரில் மட்டுமின்றிக் காயம்பட்டவர் வசிக்கும் ஊரிலும் மனுப் போட இடம் தருகிறது. சென்னையில் அடிபட்ட தொழிலாளி விழுப்புரத்துக்காரர் என்றால் விழுப்புரத்திலேயே வழக்கு நடத்தலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஊர் வக்கீலின் குமாஸ்தாவுக்குக் காவல் நிலையமும் தெரியும், மருத்துவமனைப் பதிவு அறையும் தெரியும். எஃப்.ஐ.ஆர்., ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளரின் எம்.வி.ஐ. ரிப்போர்ட், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் அவர் அலைந்துதான் ஒரு கட்டாகின்றன. இவற்றில் ஏ.ஆர். காப்பி எனப்படும் விபத்துப் பதிவேட்டு நகல் முக்கியமானது. அவசரத்தில் பணி மருத்துவர் அதில் 'பைக்கிலிருந்து தவறி விழுந்தார்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், மோதிய லாரியே வழக்கிலிருந்து மறைந்துவிடும். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் தேடுவதும் அந்த வரியைத்தான். அதைப் பார்த்தவுடனே கண்டுகொண்டு, நேரில் பார்த்த சாட்சியை அழைத்துவருவது அனுபவம் உள்ளவரின் வேலை.

அவருடைய உழைப்பின் மதிப்பை ஒரு கணக்கு இன்னும் தெளிவாகக் காட்டும். வலது மணிக்கட்டு நொறுங்கிய 38 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் 40 சதவீத ஊனம் என்று சான்று தருகிறார். தீர்ப்பாயம் ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று கணக்கிட்டால், அந்தத் தலைப்பில் கிடைப்பது 2 லட்சம். ஆனால் 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு: உடலின் ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அவருடைய பிழைப்பை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். இடது கையை இழந்த குமாஸ்தா வேலையில் தொடரலாம்; தச்சருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே போய்விடும்.

அந்த வழியில் கணக்குப் போடுவோம். மாத வருமானம் 15,000 என்றால் ஆண்டுக்கு 1,80,000. சுயதொழில் செய்யும் 40 வயதுக்குக் குறைந்தவர் என்பதால், 2017-ஆம் ஆண்டின் பிரணய் சேதி தீர்ப்பின்படி எதிர்கால வருமானத்துக்காக 40 சதவீதம் கூட்டினால் 2,52,000. 2009-ஆம் ஆண்டின் சர்ளா வர்மா தீர்ப்புப்படி அவர் வயதுக்குரிய பெருக்கெண் 15, மொத்தம் 37,80,000. பிழைப்பில் 70 சதவீதம் போனதாக நிரூபணமானால் இழப்பு 26,46,000. அதே கை, அதே மருத்துவச் சான்று. 2 லட்சத்தை 26 லட்சமாக்குவது, "இவர் இனி கரணை பிடிக்க முடியுமா? சாரம் ஏற முடியுமா?" என்று மருத்துவரைக் கூண்டில் நிறுத்திக் கேட்கிற கேள்வியும், சம்பளச் சீட்டே இல்லாத அந்த மனிதரின் கூலியைச் சொல்ல மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைக்கிற அக்கறையும்தான்.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. இழப்பீடு தராத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸை, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிட்டு ஜப்தி செய்யும் செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். தீர்ப்பைப் பணமாக்க நிறைவேற்று மனுப் போட்டு விடாமல் துரத்த வேண்டியிருக்கிறது. காயம்பட்டவர் தனியாக அதைச் செய்ய முடியாது.

இத்தனை பலமும் பழுதாகும் இடம் கட்டணம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கின்றன. 2017 டிசம்பரில், தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் விபத்து இழப்பீட்டு வழக்கில் சதவீதக் கட்டணத்துக்காக வக்கீல் வாங்கிய காசோலையை வைத்து நடந்த வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அப்படிப்பட்ட கட்டணம் சட்டவிரோதம் என்றும் சொன்னது.

விதி இப்படி இருந்தும் பங்கு பேசும் வழக்கம் போகவில்லை. காகிதத்திலிருந்து வாய்ப்பேச்சுக்கு இடம் மாறியது. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு வரம்பு கிடையாது. நாலில் ஒன்று என்று பேசியது, செலவு, மருத்துவர் சாட்சி, குமாஸ்தா என்று வளர்ந்து பாதியைத் தொட்டாலும் கட்சிக்காரர் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. அவரைக் காக்க வந்த தடை கடைசியில் அவர் கையிலிருந்த ஆதாரத்தைத்தான் பறித்தது.

பங்கு முறை வக்கீலின் மனத்தையும் திருப்புகிறது. மூன்றாண்டு போராடி வரும் 26 லட்சத்தைவிட, மக்கள் நீதிமன்றத்தில் இந்த மாதமே பைசலாகும் 6 லட்சம், நூறு கட்டுகளை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு லாபம். சமரசம் தன்னளவில் நல்லது. ஆனால் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது என்பது கையெழுத்துப் போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல நேரம் தெரிவதில்லை.

அடுத்த பழுது இதைவிடக் கொடியது. சிகிச்சையே அளிக்காத மருத்துவர்கள் தரும் தயார்நிலை ஊனச் சான்றுகளைப் பற்றி ராஜ்குமார் தீர்ப்பே எச்சரித்தது. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் சிறப்புப் புலனாய்வுக் குழுவின் விசாரணைக்கு வந்து, 2021-இல் இந்திய பார் கவுன்சில் அம்மாநில வக்கீல்களை இடைநீக்கம் செய்யும் அளவுக்குப் போனது. ஒரு பொய் வழக்கு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பண நஷ்டம். அதனால் எழும் சந்தேகத்தைச் சுமப்பவரோ உண்மையாகவே கையொடிந்த கொத்தனார்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல், முதல் விபத்து அறிக்கையைக் காவல்துறை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். ஒழுங்காக நடந்தால் காகிதத்துக்காக அலையும் வேலை பாதி குறையும். ஆனால் அதே நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், மனுப் போட 6 மாதக் கெடுவையும் கொண்டுவந்தது. 1994-இல் நீக்கப்பட்ட காலவரம்பு இப்படித் திரும்பியது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. கெடு நெருங்க நெருங்க, நல்ல வக்கீலைத் தேடும் அவகாசம் போய், வார்டுக்கு முதலில் வந்தவரிடம் கைநாட்டு வைக்க வேண்டியதாகிறது.

பங்கு முறையை இன்னும் கடுமையாகத் தடுத்தால் போதுமா? போதாது. முன்பணம் தர வழியில்லாதவருக்கு யார் வாதாடுவார்கள் என்ற கேள்விக்கு அந்தத் தடையில் பதில் இல்லை. இங்கிலாந்தில் வென்றால் மட்டும் கூடுதல் கட்டணம் என்ற ஏற்பாடு சட்டபூர்வமானது. காய வழக்குகளில் அந்தக் கூடுதல் கட்டணத்துக்கு 2013 முதல் 25 சதவீத உச்சவரம்பும் உண்டு. நாமும் மறைவில் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, எழுத்தில் பதிந்து, வரம்பு கட்டி, தீர்ப்பாயத்தின் பார்வையில் வைக்க வேண்டும் என்பதே என் தீர்மானமான கருத்து. இழப்பீட்டை நேரடியாகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கில் செலுத்த 2025-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு இதற்கு நல்ல தொடக்கம்.

அதுவரை, வீட்டில் யாருக்காவது விபத்து நேர்ந்தால் சிலவற்றை நினைவில் வையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோர் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி இலவச வக்கீல் பெறலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். நீங்களே வக்கீல் வைத்தால் கட்டணத்தை எழுதி வாங்குங்கள். ஏ.ஆர். காப்பியை வாங்கிய அன்றே வரி வரியாகப் படியுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும். வங்கிப் புத்தகமும் காசோலையும் உங்கள் கையைவிட்டுப் போக வேண்டாம். யார் கேட்டாலும், எவ்வளவு அவசரம் என்றாலும், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.