ஒரு வில்லுக்கு ஓராண்டு

இளைஞர்களுக்கு மரவில் செய்யக் கற்றுக்கொடுப்பது நூறாண்டைக் கடந்த யோசனை. அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1911-இல் வெளியிட்ட கையேட்டில் வில்வித்தைப் பட்டயத்துக்கான முதல் நிபந்தனையே அதுதான்: நூறு அடி தூரத்துக்கு ஓரளவு குறியோடு எய்யக்கூடிய வில்லையும் அம்பையும் சிறுவன் தானே செய்திருக்க வேண்டும். இலக்கில் எய்து மதிப்பெண் சேர்ப்பதெல்லாம் அதற்கடுத்த நிபந்தனைகள். முதலில் செய், பிறகு எய் என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இப்போது நினைவுகூரக் காரணம் இருக்கிறது: 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கோட்டை அடிவாரத்து இளைஞர் மன்றங்களுக்கு மரபு சார்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை இனி வரும்; வரவும் வேண்டும். வில் செய்யும் பயிற்சி அப்படி முன்வைக்கப்பட்டால் அதை ஆதரிப்பேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்காக அல்ல, வழக்கமாக நடத்தப்படும் முறையிலும் அல்ல.

இந்தப் பயிற்சியின் உயிர் ஒரே ஒரு கட்டத்தில் இருக்கிறது. கட்டையை வில்லின் உருவத்துக்குச் செதுக்கி முடித்த பிறகு, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே சீராக வளையும்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக்கொண்டே போகும் கட்டம் அது. கொஞ்சம் சீவ வேண்டும், தளர்வான நாணைக் கட்டி லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும், எங்கே விறைத்து நிற்கிறது, எங்கே அளவுக்கு மீறி மடிகிறது என்று எட்ட நின்று கவனிக்க வேண்டும், மறுபடி சீவ வேண்டும். விறைத்த இடத்தில் மட்டும்தான் கத்தி படலாம். மடிகிற இடத்தைத் தொட்டால் வில் போயிற்று.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு ஏற்பவும் மாறும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கைச் சீவினால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனில் அதே பத்தில் ஒரு பங்கைச் சீவினால் 27 விழுக்காடு குறைந்துவிடும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு மும்மடி என்பது தேர்வுத்தாளில் வரும் ஒரு குறி. கண்ணாடிச் சில்லால் சுரண்டியெடுத்த மெல்லிய சுருள் ஒன்று வில்லின் வளைவையே மாற்றிவிட்டதைப் பார்த்தவனுக்கு அது விரல்நுனியில் தங்கும் அறிவு. எய்பவரைப் பார்க்கும் உட்பக்கம் நசுங்குகிறது, வெளிப்பக்கம் இழுபடுகிறது, நடுவே இரண்டும் இல்லாத ஓர் அடுக்கு இருக்கிறது என்பதைப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் சொல்லித் தருவார்கள். வில் செய்பவர் அதை முதல் முறிவிலேயே தெரிந்துகொள்கிறார். வெளிப்பக்க நார் அறுந்து முறிந்ததா, உட்பக்கம் நசுங்கி மடிந்ததா என்பதை முறிந்த துண்டே காட்டிவிடும்.

நம் பிள்ளைகள் படிக்கும் படிப்பில் சரி, தவறு என்பதை ஓர் ஆசிரியர்தான் சொல்கிறார். இங்கே மரம் சொல்கிறது. கெஞ்சி மதிப்பெண் வாங்க முடியாது, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதவும் முடியாது, ஏனென்றால் அவன் கட்டையின் கணு வேறிடத்தில் இருக்கிறது. பதினான்கு வயதில் ஒருமுறையாவது இப்படி ஒரு நடுவரின் முன் நிற்பது நல்லது என்று உறுதியாக நம்புகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இவ்வளவு வலுவானவை அல்ல. முதலாவது, கோட்டை மரபு. செஞ்சி வரலாற்றின் பெரிய நிகழ்வுகளை நினைத்துப் பாருங்கள். 1677-இல் சிவாஜி கைப்பற்றியது, 1690 முதல் 1698 வரை மராத்திய அரசர் ராஜாராமைச் சூழ்ந்து நின்ற முகலாய முற்றுகை, 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, 1761-இல் ஆங்கிலேயர். பீரங்கியும் துப்பாக்கியும் முன்னுக்கு வந்துவிட்ட காலம் அது. ராஜகிரியின் உச்சியில் இன்றும் கிடப்பது பீரங்கிதான். 1714-இல் களத்தில் விழுந்த தேசிங்கு ராஜனை மக்கள் குதிரையோடு சேர்த்துத்தான் நினைக்கிறார்கள். முகலாயக் குதிரைவீரர்கள் வில் வைத்திருந்தது உண்மை. ஆனால் அது கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் பசையால் ஒட்டி மாதக்கணக்கில் உலர வைக்கும் கூட்டுவில். ஈரக்காற்றில் பசை இளகிவிடும் என்பதால்தான் இந்தியாவில் முழுக்க எஃகாலான விற்களையே செய்து ஆயுதச்சாலைகளில் வைத்தார்கள். இளைஞர் மன்றத்தில் செதுக்கும் மரவில்லைக் காட்டி "இதுதான் செஞ்சிக் கோட்டையின் வில்" என்று சொன்னால் அது பிள்ளைகளுக்குப் பொய்யைக் கற்பிப்பதாகும்.

செஞ்சிக்கு வில்லோடு உறவே இல்லையா என்றால், இருக்கிறது. மதிலுக்கு வெளியே இருக்கிறது. மேற்கே செங்கம் வட்டாரத்து நடுகற்களில், 1972-இல் தொல்லியல் துறை தொகுத்து வெளியிட்டவற்றில், ஆநிரைச் சண்டையில் இறந்த பல்லவர் கால வீரர்கள் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்கிறார்கள். படைத் தளபதிகள் அல்லர். மாட்டுக்காக உயிர்விட்ட ஊர்க்காரர்கள். இன்னும் அருகே, பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயில் இந்தப் பகுதியின் திரௌபதி வழிபாட்டுக்கு மூலத்தலமாகக் கருதப்படுகிறது. இந்த வழிபாட்டைப் பற்றி ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியிட்ட நூலின் முதல் தொகுதி செஞ்சியிலிருந்தே தொடங்குகிறது. இங்கே கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வில் என்றால் அர்ச்சுனன். தபசு மரத்தில் ஏறும் அர்ச்சுனன், திரௌபதி திருமணத்தில் வில் வளைக்கும் அர்ச்சுனன். விஜயதசமியன்று சாமி அம்பு போடும் வழக்கமும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் உண்டு. பயிற்சி நடத்துகிறவர்கள் கோட்டை வாசலில் பதாகை கட்டுவதை விட்டுவிட்டு, கூத்துக் கலைஞர்களை ஒருநாள் அழைத்து வந்து பேசச் சொல்லலாம்.

இரண்டாவது காரணம், பதக்கம். உதய்பூர் மாவட்டத்து ஆதிவாசி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லோடு வளர்ந்து, 1987-இல் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் மூலம் கண்டெடுக்கப்பட்டு, சியோல், பார்சிலோனா, அட்லாண்டா என மூன்று ஒலிம்பிக்குகளில் ஆடினார். இந்தக் கதையைச் சொல்லாத வில்வித்தை முகாமே இருக்காது. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. லிம்பா ராம் வென்றது தான் செய்த வில்லால் அல்ல. வேட்டைச் சமூகத்தில் சிறுவயது முதல் குறிபார்த்துப் பழகிய கண்ணும் தோளும், பிறகு கையில் தரப்பட்ட தொழிற்சாலை வில்லும் சேர்ந்து வென்றன. நம் நாட்டில் மூங்கில் வில்லுக்கென்றே 'இந்தியன் ரவுண்டு' என்ற போட்டிப் பிரிவு இருக்கிறது. குறிக்கண்ணாடி இல்லை, நிலைப்படுத்தி இல்லை. பழகத் தொடங்குகிறவர்களுக்கு அருமையான பிரிவு. அதிலிருந்து ஒலிம்பிக் வில்லுக்குப் போகும்போது உபகரணத்துக்கு லட்சக்கணக்கில் செலவாகிறது, எய்யும் முறையையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. வில் செய்யத் தெரிந்திருப்பது இந்தத் தாவலுக்கு உதவுவதில்லை. பூடானில் வில்வித்தை 1971 முதல் தேசிய விளையாட்டு. அங்கேயே கப்பி வைத்த நவீன வில் வந்ததும் மூங்கில் வில் தனிப் போட்டிகளுக்குள் ஒதுங்கிவிட்டது. பதக்க ஆசை காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்தால் ஓராண்டில் ஏமாற்றம் மட்டும் மிஞ்சும்.

இனி மரத்துக்கு வருவோம். இந்தப் பயிற்சியின் பெரிய ஓட்டை இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களுக்கானவை. ஆண்டு வளையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது எங்கும் அறுபடாமல் வில்லின் வெளிப்பக்கம் முழுவதும் ஓடும்படி செதுக்கு என்பது அவற்றின் முதல் விதி. கடுங்குளிரும் கோடையும் மாறிமாறி வரும் இடத்தில் வளையம் தெளிவாக விழும். நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் அப்படி விழுவதில்லை. அந்த விதியை இங்கே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் இல்லாத கோட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பட்டையை உரித்ததும் தெரியும் இயற்கையான மேற்பரப்பை அப்படியே வெளிப்பக்கமாக விட்டுவிட்டு, உட்பக்கத்தில் மட்டும் சீவுவதே இங்கு பொருந்தும்.

எந்த மரம் என்பது அடுத்த சிக்கல். வளைந்து கொடுக்கும் மரம் என்று பேர்பெற்ற சடச்சி காட்டு மரம். அதற்காகக் காட்டுக்குள் போக முடியாது. சவுக்கு தாராளமாகக் கிடைக்கும், ஆனால் காயும்போதே வெடித்துப் பிளக்கும். கோட்டைக் குன்றுகளிலும் சுற்றியுள்ள காப்புக்காடுகளிலும் உள்ள உசிலை முதலியவற்றின் மேல் கை வைக்கக் கூடாது. முப்பது பிள்ளைகள் கொண்ட குழு ஆளுக்கு ஒரு நேர்க்கிளை தேடிக் கிளம்பினால், பாறை இடுக்கில் பல ஆண்டுகள் போராடி வளர்ந்த புதர்க்காட்டில் எவ்வளவு மிஞ்சும்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பயிற்சியைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

பதில் மூங்கிலில் இருக்கிறது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து 2017-இல் வனச் சட்டத் திருத்தம் விடுவித்துவிட்டது. வெட்டவும் கொண்டுபோகவும் வனத்துறை அனுமதி தேவையில்லை. சவுக்கு, மூங்கில் கடையில் பந்தலுக்கு விற்கும் கழியிலேயே தடித்த சுவருள்ள கல்மூங்கிலாகப் பார்த்து வாங்கலாம். மூங்கிலின் நார் தோலருகே மிக நெருக்கமாக இருப்பதால், தோலைச் சீவாமல் வெளிப்பக்கமாக விட்டால் இழுவிசையைத் தாங்கிக்கொள்ளும். மரவில் என்று விளம்பரம் செய்துவிட்டு மூங்கிலைக் கொடுப்பதா என்று கேட்பவர்கள் அர்த்தசாஸ்திரத்தைப் பார்க்கலாம். வில்லுக்கான பொருள்களில் மூங்கிலும் பனையும் அதில் சேர்ந்தே வருகின்றன. பனை என்றதும் எனக்கு ஆசை கூடுகிறது. தெற்கே வில்லுப்பாட்டுக்காரர்களின் வில் பனை வைரத்தில் செய்யப்படுவதுதான். பச்சைப் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் அறிவித்தது சரியான முடிவு. ஆனால் இடிக்கப்படும் ஓட்டுவீடுகளிலிருந்து இறக்கிய பனஞ்சட்டங்கள் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. அவற்றில் சோதித்துப் பார்க்கலாம். பனஞ்சிலாம்பு கையில் ஏறினால் பொல்லாதது. இளையவர்களிடம் அதைக் கொடுக்க வேண்டாம். நாணுக்கு மருள் நார் இருக்கிறது. வறண்ட புதர்நிலத்தில் வளரும் இந்தச் செடியின் நார் பழங்காலத்திலிருந்தே வில்நாணுக்குப் பயன்பட்டது. அதைத் திரித்துப் பழகட்டும். எய்வதற்கு மட்டும் செயற்கை இழை நாண் போடுவது நல்லது.

இதையெல்லாம் இரண்டு நாள் பயிலரங்கில் செய்ய முடியாது. அவ்வளவு நேரத்தில் முடிக்க வேண்டுமென்றால் முக்கால்வாசி செதுக்கிய கட்டையைப் பயிற்சியாளர் கொண்டுவந்து கொடுப்பார். பிள்ளைகள் உப்புத்தாள் தேய்த்து, கைப்பிடியில் நூல் சுற்றி, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அல்லது பி.வி.சி. குழாயைச் சூடாக்கி வளைப்பார்கள். குழாய் வில்லில் கெடுதி இல்லை. விலை குறைவு, எய்யவும் செய்யும். ஆனால் நான் மேலே சொன்ன சீவலும் கவனிப்பும் அதில் இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு பொருள் கிடைக்கிறது, அதைச் செய்யும் அறிவு கிடைப்பதில்லை. மழைக்காலம் முடிந்து தை, மாசியில் மூங்கில் வெட்டி, உளுத்துப் போகாமலிருக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, வெயில் தணிந்த பிறகு செதுக்கத் தொடங்கினால் அடுத்த பொங்கலுக்குள் நம்பகமான வில் கையில் இருக்கும். வாரம் ஒரு மாலை போதும். இடையில் காத்திருக்கும் மாதங்களில் அம்பு செய்யலாம். உண்மையில் நல்ல அம்பு செய்வது வில்லைவிடக் கடினம், ஏனென்றால் ஒன்றுபோல் ஆறு வேண்டும்.

யார் கற்றுக்கொடுப்பது, யாருக்கு என்பதையும் தமிழ்நாட்டில் கேட்டாக வேண்டும். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று வகுத்தது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள், 1954-இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. கைத்தொழில் கல்வி என்றாலே நமக்குள் எழும் அந்த எச்சரிக்கை நியாயமானது. நகரத்துப் பள்ளியில் பணம் கட்டிச் சேர்ந்த பிள்ளை கார்பன் வில்லில் எய்யவும், செஞ்சியைச் சுற்றியுள்ள செங்கல் சூளைத் தொழிலாளரின் பிள்ளை மூங்கில் சீவவும் கற்றுக்கொள்வதாக இது பிரிந்துவிட்டால், எவ்வளவு நன்றாக நடத்தினாலும் அநீதிதான். ஒரே கூடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும், பெண்பிள்ளைகள் நூல் சுற்றுவதோடு நிறுத்தப்படாமல் வாய்ச்சியும் இழைப்புளியும் பிடிக்கும்படியாக இருக்க வேண்டும். அந்தக் கருவிகளைக் காலமெல்லாம் கையாண்ட தச்சர் ஒருவர் கூலிக்கு வந்து உதவுபவராக அல்லாமல் ஆசிரியராக, ஆசிரியருக்குரிய சம்பளத்தோடு அங்கே இருக்க வேண்டும். வில் செய்த பழக்கம் அவருக்கு இல்லாவிட்டாலும் மரத்தின் ஓட்டம் அவருக்குத் தெரியும்.

ஆபத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. முதல் வளைப்புகளில் வில் முறிந்தால் துண்டு முகத்துக்கு வரும். சுவரில் சட்டம் பொருத்தி அதில் வில்லை மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாக எட்ட நின்று இழுத்துத்தான் சோதிக்க வேண்டும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதினருக்கு ஏழு முதல் ஒன்பது கிலோ இழுவிசை போதும். வில்லின் நீளம் எய்பவரின் உயரத்துக்குக் குறையக் கூடாது. முனை மழுங்கிய அம்பு, பின்னால் வைக்கோல் கட்டுகளும் வலையும் வேண்டும். இடம் கோட்டை வளாகமாக இருக்கவே கூடாது. அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். சுற்றுலாப் பயணிகளும் குரங்குகளும் நிறைந்த இடம். செய்த வில் யாரிடம் இருக்கும் என்பதே கடைசியாகத் தீர்க்க வேண்டியது. தான் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பும் பிள்ளையின் ஆசை மிக நியாயமானது. ஆனால் தெருவில் ஒரு கண் போனால் பயிற்சியே நின்றுவிடும். மயிலையோ முயலையோ நோக்கி ஓர் அம்பு போனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். நானாக இருந்தால் வில்லைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு, நாணையும் அம்புகளையும் மன்றத்துப் பெட்டியில் பூட்டி வைப்பேன்.