வாட்ஸ் கணக்கு

தாராபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் போன் செய்தார். "ஏனுங்ணா, புது வீட்டுக்கு வந்ததுல இருந்து பாட்டு கெணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரியே இருக்குது. அப்பாவோட 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு 100 வாட்ஸ் வாங்கிட்டேன். அப்பவும் அப்படியேதான் இருக்குது. 200 வாங்கட்டுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை போனேன். பளபள டைல்ஸ், வெற்றுச் சுவர். ஆம்ப்ளிஃபயர் நடு ஹாலில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கர்கள்? ஒன்று ஷோகேஸ் உச்சியில், இன்னொன்று சோபாவுக்குப் பின்னால், மூலையில்.

நம்மூரில் ஸ்டீரியோ வாங்குவது என்றால் வாட்ஸ் வாங்குவது என்றே ஆகிவிட்டது. ஒரு காலத்தில் கையடக்க டேப் ரிக்கார்டரின் மேல்கூட '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர் இருக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குக்கூடத் தாங்காத கணக்கு அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதிலும் 50-ஐ 100 ஆக்கினால் கிடைப்பது மூன்றே டெசிபல். காதுக்கு லேசாகத்தான் தெரியும். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸ் பத்து மடங்கு, அதாவது 500 வேண்டும். அதே மூன்று டெசிபல், 85-க்குப் பதில் 88 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்கினாலே வந்துவிடும். கரண்ட் பில்லும் ஏறாது.

ஆம்ப்ளிஃபயர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சக்தி போதாத ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் அலற விட்டால் ஒலி சிதைந்து ட்வீட்டரே கருகிவிடும். ஆனால், சுமாரான ஆம்ப்ளிஃபயர்கூட ஒலியைக் கெடுப்பது நூற்றில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பீக்கரோ சாதாரணமாகவே ஒரு சதவிகிதம் கெடுக்கும். பாஸ் அடிக்கும்போது இன்னும் அதிகம். மிச்சத்தை அறை பார்த்துக்கொள்ளும். மூலையில் வைத்த ஸ்பீக்கரில் பாஸ் வீங்கும். டைல்ஸும் வெற்றுச் சுவரும் பாட்டை எதிரொலித்துக் குழப்பும்.

"அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போடுங்க" என்றேன். சொந்த ஊர்க்காரர் தாராபுரம் சுந்தரராஜனின் குரலைப் போட்டார். அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் மோனோ. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படும் 'ப்ரியா' வந்ததே 1978-ல்தான். மோனோவில் ஒரு வசதி: இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவதால், குரல் இரண்டுக்கும் நடுவே வெற்றிடத்தில் வந்து நிற்க வேண்டும். இங்கே குரல் ஹால் முழுக்க அலைந்தது. பாஸையே காணோம்.

பின்னால் எட்டிப் பார்த்தேன். வயரிங் செய்த புண்ணியவான் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. பாட்டு எப்படி உருப்படும்?

வயரை மாற்றினோம். ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில், சுவரை விட்டு இரண்டடி தள்ளி, சோபாவோடு முக்கோணமாக வைத்தோம். தரையில் பவானி ஜமக்காளம். பைசா செலவில்லை. மறுபடி பாட்டு.

குரல் நடுவில் வந்து நின்றது.

நண்பர் பாட்டு முடியும் வரை பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப... அப்பாவோட ஆம்ப்ளிஃபயர்லயே இப்படிக் கேட்டிருக்குமுங்களா?"

நல்லவேளை, காபி வந்துவிட்டது.